கைட்டோசானா, அல்ஜினேட்டா? ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றுக்கும் ஒரே உறிஞ்சி மணி போதுமா?

நீர்க்கோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. முதுகலை வேதியியல் படிக்கிறேன். இயற்கைப் பாலிமரை வேதிமுறையில் மாற்றியமைத்து, தண்ணீரில் இருக்கும் கன உலோகங்களைப் பிடிப்பதுதான் என் ப்ராஜெக்ட். குறி மூன்று: ஈயம், காட்மியம், ஆறு இணைதிறக் குரோமியம் (இனி குரோமியம்-6 என்று சுருக்கிவிடுகிறேன்).

கைடு, இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானில் மணி (சிறு உருண்டை) செய்து, குளூட்டரால்டிஹைடு போட்டுக் குறுக்குப் பிணைக்கச் (பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டச்) சொல்கிறார். சீனியர் ஒருவர் கடல்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட்தான் சுலபம் என்கிறார். கட்டுரைகளைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. ஒரு கிராம் உறிஞ்சி நூற்றுச் சொச்சம் மில்லிகிராம் ஈயம் பிடித்தது என்று ஒருவர் எழுதினால், அடுத்தவர் முந்நூறைத் தாண்டிவிட்டேன் என்கிறார். எல்லோருடைய வரைபடமும் அழகாகத்தான் இருக்கிறது.

மூன்று உலோகத்தையும் ஒரே கரைசலில் கலந்து, ஒரே மணியால் எடுத்துக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று யோசனை. ஈயம் லிட்டருக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 50, குரோமியம் 50 என்று வைத்துக்கொள்ளலாமா? எந்தப் பாலிமர், எந்த மாற்றம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெறும்பீக்கர்

அல்ஜினேட். கேள்வியே வேண்டாம். 2 சதவீத சோடியம் அல்ஜினேட் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, கால்சியம் குளோரைடில் சொட்டு சொட்டாக விட்டால் மணி தயார். ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும் :)

பழைய ரசவாதி

தம்பி, பாலிமரை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் மூன்று உலோகமும் தண்ணீரில் என்ன உருவத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். ஈயமும் காட்மியமும் அமிலத் தண்ணீரில் இரட்டை நேர்மின் அயனிகள். குரோமியம்-6 அப்படி இல்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாகவோ ஹைட்ரஜன் குரோமேட்டாகவோ எதிர்மின் அயனியாகத் திரியும். உலோகம் என்று பெயர் இருப்பதால் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைக்கக் கூடாது.

கைட்டோசானில் வேலை செய்வது அமீன் தொகுதி. அதன் பிகேஏ (பாதி அமீன்கள் ஹைட்ரஜன் அயனியை ஏற்றிருக்கும் பிஎச்) சுமார் 6.5. பிஎச் 3, 4 என்று இறங்கினால் அமீன் ஹைட்ரஜன் அயனியை ஏற்று நேர்மின்சுமை பெற்றுவிடும். அப்போது குரோமேட்டை இழுக்கும், ஈயத்தைத் தள்ளிவிடும். பிஎச் 5, 6 பக்கம் வந்தால் அமீன்களில் ஒரு பங்கு சுமையில்லாமல் இருக்கும். நைட்ரஜனிடம் இருக்கும் தனித்த எலெக்ட்ரான் இணையை நேர்மின் உலோக அயனிக்குக் கொடுத்து அணைவுச் சேர்மம் உண்டாக்கும். ஆக, ஒன்றுக்கு உகந்த பிஎச் மற்றதற்கு ஆகாது.

அல்ஜினேட்டிடம் இருப்பது கார்பாக்சில் தொகுதி, அதாவது எதிர்மின்சுமை. ஈயத்துக்கு அருமை. குரோமேட்டுக்கோ கதவையே திறக்காது. வெறும்பீக்கர் சொன்ன மணியைக் குரோமியம்-6 கரைசலில் நாள் முழுக்கக் குலுக்கினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

நுண்துளை

இதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயம். // மூன்று உலோகத்தையும் ஒரே கரைசலில் கலந்து //

ஈய நைட்ரேட்டையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் கலந்தால் என்ன ஆகும் என்று பள்ளி லேபிலேயே பார்த்திருப்பீர்கள். பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு. ஈயக் குரோமேட். ஒரு காலத்தில் பெயின்டில் குரோம் எல்லோ என்று போட்டது இதைத்தான். இதன் கரைதிறன் பெருக்கம் (இரு அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வருவது இந்த வரம்பைத் தாண்டினால் வீழ்படிவாகும்) 10-இன் மைனஸ் 13-ஆம் அடுக்கில் இருக்கிறது. நீங்கள் சொன்ன அளவுக்குக் கணக்குப் போட்டால், பிஎச் 5-இல் குரோமியம்-6-இல் சுமார் 3 சதவீதம்தான் குரோமேட் அயனியாக இருக்கும். அதுவே வரம்பைப் பல்லாயிரம் மடங்கு தாண்டிவிடும். மணியைப் போடுவதற்கு முன்பே பீக்கர் கலங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அதை வடிகட்டி அளந்தால் ஈயம் கிட்டத்தட்ட முழுக்க நீங்கியதாகவே கருவி சொல்லும். உறிஞ்சியே போடாமல்!

நீர்க்கோடு

ஐயோ, இது தோன்றவே இல்லை. அப்படியானால் குரோமியத்தைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். கைட்டோசானையும் அல்ஜினேட்டையும் சேர்த்து ஒரே மணியாகச் செய்தால்? ஒன்றில் அமீன், மற்றதில் கார்பாக்சில். இரண்டு வேலையும் நடக்குமே?

பழைய ரசவாதி

எல்லோருக்கும் வரும் ஆசைதான். ஆனால் நேர்மின் அமீனும் எதிர்மின் கார்பாக்சிலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முதலில் ஒன்றையொன்றுதான் பிடித்துக்கொள்ளும். உலோகத்துக்கு வைத்திருந்த இடங்களில் ஒரு பகுதி அந்தக் கட்டுக்கே செலவாகிவிடும். மணி உறுதியாகும், அமிலத்தில் அவ்வளவு எளிதில் கரையாது, அது லாபம். பிடிப்புத்திறன் இரண்டையும் கூட்டிப் போட்ட அளவுக்கு வராது. உறுதிக்காகக் கலப்பதென்றால் தாராளமாகக் கலக்கலாம்.

தொட்டிக்காவல்

நான் ஆய்வுக்கூடத்து ஆள் இல்லை. மின்முலாம் பூசும் ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை. உங்கள் 100 மில்லிகிராம், 50 மில்லிகிராம் எல்லாம் பார்த்தால் எங்களுக்கு வேறு கேள்விதான் வரும்: இந்த அளவு இருந்தால் சுண்ணாம்பு போட்டே இறக்கிவிடலாமே?

எங்கள் வழக்கம் இது. குரோமியம்-6 இருக்கிற நீரைத் தனித் தொட்டியில் அமிலமாக்கி, பிஎச் 2, 3-க்கு இறக்கி, பைசல்பைட் போட்டுக் குரோமியம்-3 ஆக ஒடுக்குவோம். பிறகு பிஎச் 8, 9-க்கு ஏற்றினால் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். மற்ற உலோகங்களையும் காரம் போட்டு வீழ்த்துவோம். காட்மியத்துக்கு மட்டும் பிஎச் 10-க்கு மேலே போக வேண்டியிருக்கும். கிலோ கணக்கில் இருக்கும் உலோகத்தை இப்படி எடுப்பதுதான் மலிவு, வேகம். இதில் எந்த மணியும் போட்டி போட முடியாது.

எங்களுக்குத் தலைவலி அதற்கு அப்புறம் வருவதுதான். படிய வைத்து, வடிகட்டி, கடைசியில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அரை மில்லிகிராம் என்று நிற்கும் பாருங்கள், அது போகாது. சயனைடோ, சிட்ரேட்டோ, இ.டி.டி.ஏ.-வோ தண்ணீரில் இருந்தால் உலோகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அந்தக் கடைசிப் படிக்குத்தான் நல்ல உறிஞ்சி வேண்டும். அங்கே ஒரு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராம் என்ற பெருமையால் எனக்கு என்ன பயன்?

நுண்துளை

தொட்டிக்காவல் சொன்னதைக் கணக்கில் காட்டுகிறேன். இந்தத் துறையில் அதிகம் ஏமாற்றும் எண் கியூ-மேக்ஸ்தான், அதாவது ஒரு கிராம் உறிஞ்சி அதிகபட்சம் பிடிக்கும் அளவு.

கரைசலில் மிச்சம் நிற்கும் உலோகத்துக்கும் உறிஞ்சி பிடித்ததற்கும் உள்ள உறவைச் சொல்ல லாங்மியூர் 1918-இல் தந்த சமன்பாட்டில் இரண்டு மாறிலிகள். ஒன்று உச்சக் கொள்ளளவு. இன்னொன்று கே, அதாவது உறிஞ்சிக்கு உலோகத்தின் மேல் இருக்கும் ஈர்ப்பு. கட்டுரைச் சுருக்கத்தில் முதல் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். இரண்டாவது உள்ளே ஓர் அட்டவணையில் தூங்கும்.

கற்பனையாக இரண்டு உறிஞ்சிகள் எடுத்துக்கொள்வோம்.

உறிஞ்சி அ: உச்சம் கிராமுக்கு 300 மி.கி., கே = 0.01 (லிட்டர்/மி.கி.)
உறிஞ்சி ஆ: உச்சம் கிராமுக்கு 60 மி.கி., கே = 1

கரைசலில் லிட்டருக்கு 300 மி.கி. ஈயம் மிச்சம் நிற்கும் சமநிலையில், அ-வின் பிடிப்பு கிராமுக்கு 225 மி.கி., ஆ-வின் பிடிப்பு 60-ஐ ஒட்டி. கட்டுரைப் போட்டியில் அ ஜெயித்துவிடும்.

இப்போது குடிநீருக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஈயத்துக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மி.கி. அந்தச் சமநிலையில் அ பிடிப்பது கிராமுக்கு 0.03 மி.கி. ஆ பிடிப்பது 0.59 மி.கி. இருபது மடங்கு. லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் உள்ள நீரை 10-க்கு இறக்க, ஆ ஒரு கிராம் போட்டால் கிட்டத்தட்ட 15 லிட்டர் சுத்தமாகும். அ ஒரு கிராமுக்கு முக்கால் லிட்டர்தான்.

காட்மியத்துக்கு வழிகாட்டு அளவு இன்னும் கீழே, 3 மைக்ரோகிராம். அங்கே இந்த இடைவெளி எப்படி இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வெறும்பீக்கர்

கணக்கு சரி. ஆனால் ஒரு ஆட்சேபம். லிட்டருக்கு 50 முதல் 500 மி.கி. வரை சோதித்து எடுத்த கே-யை வைத்துக்கொண்டு 0.01-இல் என்ன நடக்கும் என்று சொல்வதும் தப்புதானே? மணியில் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. இறுக்கமாகப் பிடிக்கும் இடங்கள் கொஞ்சம் இருக்கும். மேல் அளவுகளில் சோதிக்கும்போது அவை முதலிலேயே நிரம்பிவிடும், சமன்பாட்டுக்குத் தெரியவே தெரியாது. அ என்று நீங்கள் ஓரங்கட்டியது கீழ் அளவில் நன்றாகவே வேலை செய்யலாம்.

நுண்துளை

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எந்த அளவில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த அளவிலேயே சோதிக்கச் சொல்கிறேன். மைக்ரோகிராம் அளவில் சோதிப்பது கஷ்டம், ஐ.சி.பி. (மிகக் குறைந்த அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) வேண்டும், கண்ணாடிப் பாத்திரத்தை எல்லாம் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். அதனால் யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வேண்டாம். "எங்கள் தரவு போலி இரண்டாம் படி வினைவேகத்துக்கு 0.999 பொருந்துகிறது, ஆகவே இது வேதிப் பிணைப்பு" என்று எழுதாதீர்கள். அது உறிஞ்சும் வேகத்தைப் பொருத்திப் பார்க்கும் ஒரு சமன்பாடு, அவ்வளவுதான். அந்த வரைபடத்தில் நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது. சமநிலைக்குப் பிறகு எடுத்த புள்ளிகளை நாலைந்து சேர்த்தால் எதைப் போட்டாலும் நேர்கோடு வரும். பிணைப்பு என்ன வகை என்பதற்கு அது சாட்சியே இல்லை.

பழைய ரசவாதி

+1. இனி மாற்றியமைப்பதைப் பற்றிப் பேசலாம், இழையின் தலைப்பே அதுதானே.

கைட்டின் என்பது இறால், நண்டு ஓடுகளில் இருப்பது. சூடான, அடர்த்தியான சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்தால் அசெட்டைல் தொகுதிகள் கழன்று அமீன் வெளியே வரும். அதுதான் கைட்டோசான். அதை அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, காரக் கரைசலில் சொட்டினால் வெள்ளை மணி. கரைசல் ரொம்பக் கெட்டியாக இருந்தால் மணிக்கு வால் முளைக்கும். ஊசிமுனைக்கும் கரைசலுக்கும் உள்ள உயரத்தை மாற்றிப் பார்த்தால் சரியாகும்.

இந்த மணியை அப்படியே அமில நீரில் போட்டால் கரைந்துவிடும். அதற்காகத்தான் குறுக்குப் பிணைப்பு. உங்கள் கைடு சொன்ன குளூட்டரால்டிஹைடு அமீனோடுதான் வினைபுரியும். மணி மஞ்சளாகும், அமிலத்துக்கு அசையாது. ஆனால் உலோகத்தைப் பிடிக்க வேண்டிய அதே அமீனைத்தான் செலவழித்திருக்கிறீர்கள். பிணைப்பை ஏற்ற ஏற்ற ஈயம், செம்பு பிடிப்பு குறைவதைப் பார்க்கலாம். எபிகுளோரோஹைட்ரினைக் காரச் சூழலில் போட்டால் பெரும்பாலும் ஹைட்ராக்சில் பக்கம் போகும், அமீன் தப்பிக்கும். ஆனால் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். ஈயத்துக்கு 10 என்பதை நினைவில் வையுங்கள். ஈயத்தை எடுக்கப் போய் இதை விட்டுவிட்டு வரக் கூடாது.

இறுக்கமான பிடிப்பு வேண்டுமென்றால் அமீனின் மேல் இ.டி.டி.ஏ. போன்ற பல கைகளால் பிடிக்கும் தொகுதியைப் பொருத்தலாம். இதனால் அமிலப் பக்கத்திலும் ஈயத்தையும் காட்மியத்தையும் விடாது. பாதரசம், காட்மியம் மாதிரியான மென்மையான அயனிகளுக்குக் கந்தகம் பிடிக்கும். தயோல், சாந்தேட் தொகுதிகள் அதற்கு. சாந்தேட்டில் ஒரு தொல்லை: வைத்திருந்தால் சிதையும், கார்பன் டைசல்பைடு வாடை வரும்.

குரோமியம்-6-க்கு வேறு வழி. அமீனை நான்கிணைய அம்மோனியமாக்கிவிட்டால் அதன் நேர்மின்சுமை நிரந்தரம், பிஎச்-ஐப் பார்த்து மாறாது. நடுநிலை நீரிலும் குரோமேட்டைப் பிடிக்கும். சல்பேட் நிறைய இருக்கும் நீரில் மட்டும் அது போட்டிக்கு வரும்.

நீர்க்கோடு

செல்லுலோஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே அண்ணா? அதுதானே அதிகம் கிடைப்பது?

பழைய ரசவாதி

வெறும் செல்லுலோஸில் ஹைட்ராக்சில் மட்டும்தான், உலோகத்தின் மேல் பெரிய பிடிப்பு இல்லை. அதனால் எதையாவது ஒட்டியே ஆக வேண்டும். டெம்போ என்ற வினையூக்கியை வைத்து ஆக்சிஜனேற்றம் செய்தால் ஆறாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் கார்பாக்சிலாகும். சிட்ரிக் அமிலத்தோடு சூடாக்கி எஸ்டராக்குவது இன்னும் எளிது, நச்சும் இல்லை. இழையாகவே இருப்பதால் நீர் நன்றாக ஓடும். மோசமில்லை.

தொட்டிக்காவல்

நீர் ஓடுவதைப் பற்றி நல்ல வேளை சொன்னீர்கள். மென்மையான ஜெல் மணியைக் குழாய்ப் படுகையில் நிரப்பி அழுத்தத்தில் நீரை விட்டால் கீழ் அடுக்கு நசுங்கும். நீர் ஓரமாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவிடும். மேலே பார்த்தால் படுகை நிறைய மணி இருக்கும், பாதிக்கு உலோகமே போய்ச் சேர்ந்திருக்காது. அப்புறம் இது சர்க்கரைச் சங்கிலிதானே, நுண்ணுயிரிகள் வந்து குடியேறும். சில வாரத்தில் வழவழப்பு. இயற்கைப் பொருள், மட்கும் என்று பெருமையாக எழுதுகிறார்கள். வேலை நடக்கும்போதே மட்கினால் என்ன செய்வது?

வெறும்பீக்கர்

மணியின் உள்ளே உலோகம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பார்க்க ஒரு எளிய வழி. கைட்டோசான் மணியைக் காப்பர் சல்பேட் கரைசலில் போடுங்கள். சில நிமிடத்தில் மேலே நீலம் ஏறும். ஒன்றை எடுத்து பிளேடால் இரண்டாக வெட்டினால் வெளியே நீல வளையம், நடுவில் இன்னும் வெள்ளை. மணிக்கணக்கில் விட்டு, அவ்வப்போது ஒன்றை வெட்டிப் பார்த்தால் அந்த வெள்ளைப் புள்ளி சுருங்கிக்கொண்டே போகும். அரை மணி நேரத்தில் சமநிலை வந்துவிட்டதாக எழுதிய பலர் இந்த வெள்ளையைப் பார்த்திருக்க மாட்டார்கள். காற்றில் காயவைத்த மணியில் இன்னும் மோசம், துளையெல்லாம் மூடிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிடும். உறைய வைத்து உலர்த்தினால் துளை தப்பும்.

ஈர மணியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் பாலிமர், மிச்சம் தண்ணீர். கிராமுக்கு இவ்வளவு என்று சொல்லும்போது ஈர கிராமா, உலர் கிராமா என்று எழுதாத கட்டுரையை ஓரமாக வைத்துவிடுவேன்.

செம்மண்நீர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆர்சனிக்குக்கு இவை ஆகுமா? நிலத்தடி நீர் பற்றிக் கேட்கிறேன்.

பழைய ரசவாதி

வெறும் கைட்டோசானை நம்ப வேண்டாம். ஆர்சனிக்-5 எதிர்மின் அயனி, ஓரளவு பிடிபடும். ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் அதிகம் இருப்பது ஆர்சனிக்-3. அது பிஎச் 9 வரை சுமையே இல்லாத மூலக்கூறு. நேர்மின்சுமை காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. கைட்டோசானுக்குள் இரும்பு ஹைட்ராக்சைடைப் படியவைத்த மணிகள்தான் வேலைக்கு ஆகும். அங்கே பிடிப்பது இரும்பு, பாலிமர் அதைத் தாங்கி நிற்கிறது. முன்னதாக ஆர்சனிக்-3-ஐ ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டால் நல்லது. பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் நிறைய இருந்தால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

மழைத்தாள்

நான் வேதியியல் படித்தவள் இல்லை. குழாய் நீரில் ஈயம் இருக்குமோ என்று பயம். இறால் ஓட்டை அரைத்துத் துணியில் கட்டி நீரில் போட்டால் ஈயம் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா?

நுண்துளை

வேண்டாம். பச்சை ஓட்டில் புரதமும் கால்சியம் கார்பனேட்டும் கைட்டினும் இருக்கும். கைட்டினில் அமீன் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. கார்பனேட் கொஞ்சம் ஈயத்தைப் படியவைக்கும்தான், ஆனால் எவ்வளவு என்று உங்களால் அளக்க முடியாது. புரதம் அழுகும், கிருமி பெருகும். ஈயம் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, அதனால் "நல்லாத்தான் இருக்கு" என்று குடித்துக்கொண்டே இருப்பீர்கள்.

கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. நீர் ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். முதலில் நீரை ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து அளந்து பாருங்கள். வடிகட்டி வாங்குவதாக இருந்தால் ஈயக் குறைப்புக்காக என்.எஸ்.எஃப். 53 என்ற குடிநீர் வடிகட்டித் தரத்தில் சான்று பெற்றதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் ஈயம் உள்ள நீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். கரைந்த ஈயத்தோடு துகளாக வரும் ஈயத்தையும் சோதிப்பார்கள். பழைய குழாய்களில் இந்தத் துகள் ஒரு பெரிய பிரச்சினை. ஆய்வுக் கட்டுரைகளோ பெரும்பாலும் கரைந்த ஈயத்தை மட்டும்தான் பார்க்கின்றன.

மழைத்தாள்

நன்றி. அளந்து பார்த்துவிட்டே முடிவு செய்கிறேன்.

நீர்க்கோடு

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது என் திட்டம்: குரோமியத்தை விட்டுவிடுகிறேன். ஈயம், காட்மியம் மட்டும். அல்ஜினேட் மணியையும் இ.டி.டி.ஏ. பொருத்திய கைட்டோசான் மணியையும் ஒப்பிடுவேன். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே சோதனை. சாதாரண நீரில் இருக்கும் கால்சியத்தையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அது எவ்வளவு தொந்தரவு தரும்?

நுண்துளை

நிறைய. கடின நீரில் கால்சியம் லிட்டருக்கு 80 மி.கி. என்று வைத்துக்கொண்டால் அது 2 மில்லிமோல். ஈயம் 50 மைக்ரோகிராம் என்றால் 0.24 மைக்ரோமோல். ஒரு ஈய அயனிக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கால்சியம் அயனிகள்! திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற கதைதான்.

அல்ஜினேட் மணி தன்னிடம் இருக்கும் கால்சியத்தைக் கொடுத்துவிட்டு ஈயத்தை வாங்குகிறது. வெளியே கால்சியம் குவிந்திருந்தால் அந்தப் பரிமாற்றம் தளரும். நல்ல வேளையாக அல்ஜினேட்டின் விருப்ப வரிசையில் ஈயம் முதலில், பிறகு செம்பு, காட்மியம் எல்லாம் கால்சியத்துக்கு மேலே. நிக்கலும் துத்தநாகமும் கால்சியத்துக்குக் கீழே போய்விடும், அதனால் கடின நீரில் அவற்றுக்கு அல்ஜினேட்டை நம்ப முடியாது. சும்மா இருக்கும் கைட்டோசான் அமீன் கால்சியத்தைக் கண்டுகொள்வதே இல்லை, அது அதன் பெரிய பலம். நீங்கள் இ.டி.டி.ஏ. பொருத்தினால் கால்சியமும் அதில் ஒட்டும். ஈயத்தின் பிடிப்பு பல மடங்கு அதிகம் என்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் மாற்றாத கைட்டோசானையும் மூன்றாவதாக ஒப்பீட்டில் வையுங்கள். மாற்றியதால் என்ன கிடைத்தது என்பது அப்போதுதான் தெரியும்.

தொட்டிக்காவல்

பிடித்த உலோகத்தை என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மணி தீர்ந்ததும் குப்பையில் போட்டால் அது மட்கி, ஈயம் திரும்ப மண்ணுக்கே வரும். எரித்தால் காட்மியம் ஆவியாகப் புகையோடு கிளம்பும். ஆகவே அமிலத்தால் கழுவி மீட்க வேண்டும், அந்தக் கழுவிய நீரை அடர்த்தியான நச்சுக் கழிவாகக் கையாள வேண்டும். நூறு லிட்டர் நீரில் இருந்ததை அரை லிட்டரில் அடைக்க முடிந்தால் எங்களுக்கு அது வெற்றி. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த விகிதத்தை எழுதுங்கள். தொழிற்சாலைக்காரன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

பழைய ரசவாதி

கழுவும் அமிலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பொறி இருக்கிறது. நீர்த்த கந்தக அமிலத்தில் கைட்டோசான் கரையாது என்பதால் அது நல்லதாகத் தோன்றும். ஆனால் ஈயம் சல்பேட்டாக மணிக்குள்ளேயே படிந்துவிடும், வெளியே வராது. குறுக்குப் பிணைத்த மணிக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள். அல்ஜினேட் மணியை இ.டி.டி.ஏ. கரைசலால் கழுவலாம் என்று நினைக்கவே வேண்டாம். அது ஈயத்தோடு கால்சியத்தையும் உருவும், மணியே கரைந்து கூழாகிவிடும். அமிலத்தில் கழுவி, மறுபடி கால்சியம் குளோரைடில் ஊறவையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மணியின் எடையையும் குறித்து வையுங்கள். பிடிப்பு குறைவது மணி தளர்ந்ததாலா, மணியே கரைந்து குறைந்ததாலா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

வெறும்பீக்கர்

குரோமியத்தைக் கைடு திரும்பச் சேர்க்கச் சொன்னால் ஒரு எச்சரிக்கை. டைபினைல்கார்பசைடு போட்டு ஊதா நிறத்தை அளப்பது குரோமியம்-6-ஐ மட்டும்தான் காட்டும். அமிலத்தில் பாலிமரே குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக ஒடுக்கும், அது நீரிலேயே நிற்கும். ஊதா மறைந்தால் குரோமியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மொத்தக் குரோமியத்தையும் ஐ.சி.பி.-யிலோ அணு உட்கவர்தலிலோ அளங்கள்.

நீர்க்கோடு

குறித்துக்கொண்டேன் அண்ணா. கடைசியாக ஒன்று: பிஎச்-ஐ 5.5-இல் நிலையாக வைக்கப் பாஸ்பேட் பஃபர் (பிஎச்-ஐ மாறாமல் தாங்கும் கரைசல்) போடலாமா? லேபில் தயாராக இருக்கிறது.

நுண்துளை

கூடவே கூடாது. ஈயப் பாஸ்பேட் படிந்துவிடும், மஞ்சள் குரோமேட் கதையின் வெள்ளைப் பதிப்பு. அசெட்டேட்டும் ஈயத்தோடு ஓரளவு சேரும். நீர்த்த நைட்ரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சொட்டு சொட்டாக விட்டே சரிசெய்யுங்கள். உப்பு ஈய நைட்ரேட்டாக இருக்கட்டும்.

குலுக்கி முடித்த பிறகும் பிஎச் பாருங்கள், ஆரம்ப பிஎச் மட்டும் போதாது. காரத்தில் செய்த கைட்டோசான் மணியைச் சரியாகக் கழுவாவிட்டால் உள்ளே இருக்கும் ஹைட்ராக்சைடு மெல்லக் கசிந்து பிஎச்-ஐ 8, 9-க்கு ஏற்றிவிடும். ஈயம் ஹைட்ராக்சைடாகப் படியும், நீங்கள் அதை மணி பிடித்ததாக எழுதுவீர்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் மணியே இல்லாத ஒரு குடுவையையும் குலுக்குங்கள். மைக்ரோகிராம் அளவில் ஈயம் கண்ணாடிச் சுவரிலும் வடிதாளிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த வெற்றுக் குடுவையில் குறைந்த அளவைக் கழித்த பிறகு வருவதுதான் மணியின் கணக்கு.

நீர்க்கோடு

சரி, பாலிபுரொப்பிலீன் குடுவைகள் இருக்கின்றன. திங்களன்று முதலில் வெற்றுக் குடுவைகளை மட்டும் குலுக்கிப் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுகிறேன்.